கானுள்ளான்: வேட்டையும் விருந்தும்

வயிற்றைக் கீறாமலும் குடலை எடுக்காமலும் சமைக்கத்தக்க பறவை உலகில் ஒன்று உண்டு என்று என் பாட்டனார் கூறக் கேட்டு இளமையில் யான் நகைத்ததுண்டு. அவர் 1960-ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளில், நீலகிரியிற் குன்னூருக்கு அண்மையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் குசினி வேலை பார்த்தவர். கோழியாயினும் கௌதாரியாயினும் குடலை நீக்கிக் கழுவுதலே சமையலின் முதற்படி என்பது நம் இல்லத்துச் சிறாரும் அறிந்ததே. அங்ஙனமிருக்க, தோட்டத்துத் துரை மார்கழிக் குளிரிற் சுட்டுக்கொணரும் ஒரு பறவையை மட்டும் தலையோடும் குடலோடும் நெருப்பில் வாட்டித் தருமாறு அவர் பணிக்கப்பட்டாராம். அப்பறவையை ஆங்கிலேயர் வுட்காக் என்பர். பாட்டனார் கூறியது வேடிக்கைக் கதையன்று, மேனாட்டிற் பல தலைமுறைகளாக நிலவிவரும் முறையே என்பதைப் பின்னர் நூல்களாற் கற்றறிந்தேன். இப்பறவையின் வாழ்க்கையை நுணுகி அறிந்தவர்கள் அதனைச் சுடுவோரும் சமைப்போருமே என்பதையும் அந்நூல்களால் உணர்ந்தேன். அவ்வறிவு எதற்குப் பயன்படல் வேண்டும் என்பதே இன்று மேனாட்டாரிடை எழுந்துள்ள வினா. அதனை விளக்குதற்கு முன் பறவையின் இயல்பையும், வேட்டை முறையையும், சமையல் முறையையும் முறையே கூறப் புகுகின்றேன்.

பறவையின் இயல்பு

நம் நெல்வயல்களிற் பனிக்காலத்திற் காணப்படும் உள்ளானும் இப்பறவையும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை. உள்ளான் சேற்று நிலத்தை நாடுவது. இதுவோ கானகத்தை நாடுவது. ஆதலின் இக்கட்டுரையில் இதனைக் கானுள்ளான் என்றே வழங்குவேன். பறவை நூலோர் இதற்கு இட்ட பெயர் ஸ்கோலோபாக்ஸ் ரஸ்டிகோலா என்பது. அயர்லாந்து தொடங்கி ஐரோப்பாவின் வடபகுதி, ருஷ்யா, சைபீரியா, ஜப்பான் வரையிற் பரந்துள்ள காடுகளில் இது முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றது.

இதன் நிறை ஏறக்குறைய 300 கிராம். பருத்த உடல், குறுகிய கால், நீண்டு நேராகிய அலகு ஆகியவை இதன் அடையாளங்கள். அலகு மட்டும் 6 முதல் 8 சென்டிமீட்டர் நீளமுடையது. அவ்வலகின் நுனி நரம்பு மிகுந்து நுண்ணிய தொட்டுணர்ச்சி வாய்ந்தது. ஈரமான மண்ணுள் அலகைச் செலுத்தி, உள்ளே நெளியும் நாங்கூழ்ப் புழுவைத் தொட்டுணர்ந்து, மேலலகின் நுனியை மட்டும் திறந்து பற்றும் வன்மை இதற்கு உண்டு. தலை மண்ணை நோக்கித் தாழ்ந்திருக்கும்பொழுது பகைவர் வரவை அறிதல் எங்ஙனம் எனின், இதன் கண்கள் தலையின் இருபுறத்தும் மேலாகவும் பின்னாகவும் அமைந்துள்ளன. ஆதலால் கழுத்தைத் திருப்பாமலே முன்னும் பின்னும் மேலும் ஒருங்கே காண வல்லது.

இறகின் நிறமோ உதிர்ந்த சருகின் நிறம். பழுப்பும் கருமையும் சாம்பலும் கலந்து கோடு கோடாக அமைந்த அவ்விறகினால், சருகின்மேற் படுத்திருக்கும் கானுள்ளானை இரண்டடித் தொலைவில் நிற்பவரும் காண்பது அரிது. பகல் முழுவதும் புதரடியில் அசையாது கிடந்து, அந்தியில் எழுந்து, காட்டை விட்டுப் புல்வெளிக்குச் சென்று, இரவெல்லாம் இரை தேடி, வைகறையில் மீள்வது இதன் வழக்கம். இளவேனிற் காலத்தில் ஆண்பறவை அந்தியிலும் விடியலிலும் மரமுடிகளுக்குச் சற்று மேலாக, கரகரத்த ஒலியும் கூர்மையான கீச்சொலியும் மாறி மாறி எழுப்பிக்கொண்டு, பெடையை நாடி வட்டமிடும். பெடை நிலத்தில் சருகிடையே பெரும்பாலும் நான்கு முட்டைகளிட்டுத் தனித்தே அடைகாக்கும்.

குளிர் மிகுந்து வடநாட்டு மண் உறையும்பொழுது அலகு மண்ணுட் புகாது. புகாதெனின் உணவு இல்லை. ஆதலின் ருஷ்யா, பின்லாந்து, சுவீடன் முதலிய நாட்டுப் பறவைகள் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் மேற்கு நோக்கியும் தெற்கு நோக்கியும் பெயர்ந்து, இங்கிலாந்து, அயர்லாந்து, பிரான்சு முதலிய இடங்களை அடையும். நவம்பர்த் திங்களின் முழுமதியைக் கானுள்ளான் நிலவு என்றே ஆங்கில நாட்டு வேட்டைக்காரர் அழைப்பர். எங்கிருந்து வருகின்றன என்பது முன்னாளிற் புலப்படாத மறையாயிருந்தது. 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சார்லஸ் மார்ட்டன் என்னும் ஆங்கில அறிஞர், இடம்பெயரும் பறவைகள் சந்திர மண்டலத்துக்கே செல்கின்றன என்று வாதித்து நூல் எழுதினார். இந்நாளிலோ, 2012-ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தில் சில பறவைகளின் முதுகிற் சிறு கருவியைப் பொருத்தி, செயற்கைக் கோளின் துணையால் அவை செல்லும் வழியைக் கண்டறிந்து வருகின்றனர். சில பறவைகள் பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து சைபீரியாவரை சென்று மீள்வது அதனாற் புலனாயிற்று.

வேட்டை முறை

துப்பாக்கி வழக்கில் வருவதற்கு முன்னர், கானுள்ளானை வலையாலும் கண்ணியாலும் பிடித்தனர். அந்தியில் இது காட்டைவிட்டு ஒரே வழியாகப் பறந்து செல்லும் இயல்பினது என்பதை அறிந்த மக்கள், மரங்களிடையே அகன்ற இடைவெளி வெட்டி, அதன் குறுக்கே உயர்ந்த வலையைத் தொங்கவிட்டனர். எளிதில் அகப்பட்டமையால் இப்பறவையின் பெயர் ஆங்கிலத்தில் பேதையைக் குறிக்கும் சொல்லாகவும் வழங்கலாயிற்று. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில், தான் செய்த சூழ்ச்சியிற் தானே வீழ்ந்து இறக்கும் லேயர்ட்டீஸ், தன் கண்ணியிற் தானே சிக்கிய கானுள்ளானுக்குத் தன்னை உவமிக்கின்றான். பிரெஞ்சு மொழியிலும் இப்பறவையின் பெயராகிய பேக்காஸ் என்பது அறிவிலாப் பெண்ணைக் குறிக்கும் வசைச்சொல்லாக உள்ளது.

துப்பாக்கி வந்தபின் இக்கருத்து மாறியது. பேதை எனப்பட்ட பறவையே குறிவைத்தற்கு மிக அரியது என்பதை வேட்டைக்காரர் உணர்ந்தனர். காலடியிலிருந்து திடீரென்று எழும் கானுள்ளான் நேரே பறவாது, மரத்துக்கு மரம் வளைந்து, மேலெழுந்தும் தாழ்ந்தும் நொடிப்பொழுதில் மறையும். சுடுவோனுக்கும் அதற்கும் இடையே ஒரு மரம் எப்பொழுதும் வந்து நிற்கும் என்று கூறுவர்.

வேட்டை முறைகள் மூன்று. முதலாவது, நாயைத் துணைக்கொண்டு காட்டினூடே நடந்து எழுப்பிச் சுடுவது. மனிதன் கண்ணுக்குத் தோன்றாத பறவையை நாயின் மூக்கு கண்டுபிடிக்கும். காக்கர் ஸ்பேனியல் என்னும் சிறு நாயினம் தன் பெயரையே இப்பறவையிடமிருந்து பெற்றது. பிரான்சில் மோப்பம் பிடித்து நிற்கும் நாயின் கழுத்தில் மணி கட்டுவர். அடர்ந்த புதரில் நாய் கண்ணுக்கு மறைந்தாலும் மணியோசை கேட்கும். ஓசை நின்றதெனின் பறவை அகப்பட்டது என்பது குறிப்பு. இரண்டாவது முறை, ஆட்கள் வரிசையாக நின்று கோலாற் புதரைத் தட்டி முன்னேற, மறுபுறத்தில் துப்பாக்கியேந்தியோர் காத்து நிற்பது. மூன்றாவது, அந்தியில் காட்டோரத்தில் அசையாது நின்று, மேலே பறந்து செல்வதைச் சுடுவது. ருஷ்ய நாட்டில் இளவேனில் அந்தியில் ஆண்பறவைகளை இங்ஙனம் சுடும் வழக்கம் நெடுநாளையது. 1852-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்த துர்கனேவின் வேட்டைக்காரன் குறிப்புக்களில் அக்காட்சி விரிவாக எழுதப்பட்டுள்ளது. இனம் பெருகும் காலத்தில் சுடுவதாகிய இம்முறைக்கு, 1979-ஆம் ஆண்டின் ஐரோப்பியப் பறவைப் பாதுகாப்பு விதி இடந்தரவில்லை.

பெரும்பாலும் இரட்டைக்குழல் துப்பாக்கியும் நுண்ணிய ரவையும் இவ்வேட்டைக்கு ஆளப்படுகின்றன. பெரிய ரவை சிறுபறவையின் இறைச்சியைச் சிதைத்துவிடும். எனினும் இவ்வேட்டையில் முதலிற் கற்க வேண்டுவது குறிபார்த்தலன்று, சுடாதிருத்தலே. கானுள்ளான் மனிதர் தலையளவில் தாழ்ந்து பறப்பதுண்டு. மகிழ்ச்சி மிகுதியால் தன்னை மறந்து அதனைத் தொடர்ந்து குழலைத் திருப்புவோன், புதருக்கு அப்பால் நிற்கும் தோழனையோ கோல் தட்டும் ஏழையையோ சுட்டுவிடக்கூடும். ஆதலின் பறவைக்குப் பின்னே வானம் தெரிந்தாலன்றி விசையை இழுத்தலாகாது என்பது கடுமையான விதி.

ஒரே நேரத்தில் எழும் இரு பறவைகளை, துப்பாக்கியைத் தோளினின்று எடுக்காமல் இரு குழலாலும் வீழ்த்துவது ஆங்கில வேட்டைக்காரரிடை பெரும்புகழ். அதற்கு இருவர் சான்று கூறல் வேண்டும். சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி என்பார் நார்போக்கு நாட்டு ஹோக்கம் என்னும் இடத்தில், ஒரே வெடியால் இரு கானுள்ளான்களை வீழ்த்தினார். பின்பு அவ்விரண்டின் உருவையும் தாமே சலவைக்கல்லிற் செதுக்கி, அவ்விடத்துக்கு உரியவராகிய தாமஸ் கோக்குக்கு அளித்தார். கொன்ற கையே கல்லில் உயிர்ப்பிக்க முயன்ற செய்தி எண்ணத்தக்கது. மற்று, இறக்கையின் ஓரத்தில் ஊசிபோற் கூர்மையான சிற்றிறகு ஒன்று பக்கத்துக்கு ஒன்றாக உண்டு. அதனை முற்கால ஓவியர் நுண்ணிய சித்திரங்களுக்குத் தூரிகையாகக் கொண்டனர். வேட்டைக்காரர் இன்றும் தொப்பியில் அணிவர்.

சமையல் முறை

சுட்ட அன்றே இப்பறவையைச் சமைப்பதில்லை. குளிர்ந்து காற்றோட்டமான இடத்தில், இறகு நீக்காமல் சில நாட்கள் தொங்கவிடுவர். குளிர்நாட்டுக்கே இது பொருந்தும். நம் சமவெளி வெப்பத்தில் இங்ஙனம் செய்தால் இறைச்சி அழுகிவிடும். இறைச்சி மென்மையுற்றபின் இறகைப் பறிப்பர். தோல் மெல்லியது, எளிதிற் கிழியும். ஆதலின் பொறுமை வேண்டும். தலையின் தோலை உரித்துக் கண்களை நீக்கி, நீண்ட அலகையே ஊசியாகக் கொண்டு தொடைகளின் வழியே செலுத்தி உடலை இறுக்கிக்கொள்வர். வேறு நூலோ குச்சியோ வேண்டுவதில்லை.

குடலை நீக்காமைக்குக் காரணம் யாதெனின், இப்பறவை பறந்தெழும்போதே குடலை வெறுமையாக்கிக் கொள்ளும் என்பது வேட்டைக்காரர் கூற்று. மணல் தங்கும் அரைவைப்பையை மட்டும் சிலர் சிறு கீறலால் முன்னரே எடுப்பர். சிலர் வெந்தபின் எடுத்தெறிவர். 1861-ஆம் ஆண்டில் வெளிவந்த பீட்டன் அம்மையாரின் இல்லற நூலும் இப்பறவையின் உள்ளுறுப்புக்களை நீக்கலாகாது என்றே விதிக்கின்றது.

உடலின்மேல் வெண்ணெய் தடவி, மார்பின்மேல் பன்றிக்கொழுப்பின் மெல்லிய துண்டத்தைப் போர்த்துவர். கொழுப்புக் குறைந்த மார்பிறைச்சி வறண்டுபோகாமைக்கு இது காவல். பின்பு மிகச் சூடான அடுப்பில், ஏறத்தாழ 220 பாகைச் சூட்டில், கால் மணி நேரத்துக்கு மிகாமல் வாட்டுவர். உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும்போதே எடுத்துவிடுவர். மிகுதியாக வெந்தால் ஈரலின் கசப்புப்போன்ற சுவை தோன்றிவிடும். முற்காலத்தில் நெருப்பின்முன் கம்பியிற் கோத்துச் சுழற்றி, கீழே வாட்டிய ரொட்டித் துண்டை வைத்து, ஒழுகும் நெய்யும் சாறும் அதில் ஊறுமாறு செய்தனர். பறவை வெந்தபின் உள்ளுறுப்புக்களைக் கரண்டியால் வழித்தெடுத்து, வெண்ணெய், மிளகு, உப்பு, சிறிது பிராந்தி அல்லது எலுமிச்சைச் சாறு சேர்த்து மசித்து, அந்த ரொட்டியின்மேற் தடவுவர். பறவையை அதன்மேல் அமர்த்திப் பரிமாறுவர். உண்போர் பலர் இறைச்சியினும் அந்த ரொட்டியையே சிறந்ததாகப் போற்றுவர்.

பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசான் 1883-ஆம் ஆண்டில் வெளியிட்ட கதைத்தொகுதி ஒன்று இப்பறவையின் பெயரைத் தாங்கியது. அதன் முகப்பில் ஒரு விருந்து வழக்கம் கூறப்படுகின்றது. உண்டு முடிந்தபின் பறவைகளின் தலைகளையெல்லாம் ஒருங்கு சேர்த்து, ஒரு தலையை ஊசியாற் தக்கையிற் பொருத்திச் சுழற்றுவர். நின்றபின் அதன் அலகு யாரை நோக்குகின்றதோ அவருக்கே அனைத்துத் தலைகளும் உரியவை. அவற்றைத் தனித்து உண்டவர், பெறாதவர்களின் ஏக்கம் தீர ஒரு கதை சொல்லல் வேண்டும்.

உண்போர் அறியவேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. ஈயரவையாற் சுடப்பட்ட பறவையின் இறைச்சியில் ஈயத்தின் நுண்துகள்கள் தங்கும். ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சாதலின், குழந்தைகளும் கருவுற்ற மகளிரும் அத்தகைய இறைச்சியைத் தவிர்த்தல் நன்று என்று பிரிட்டிஷ் உணவுக் காப்புத் துறை அறிவுறுத்தியுள்ளது. ஈயரவையை விலக்கும் கட்டளை வரும் என்று 2025-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் அறிவித்தது.

சுடுவதா, விடுவதா?

இனி, தொடக்கத்திற் குறித்த வினாவுக்கு வருவோம். குளிர்காலத்தில் பிரிட்டனில் தங்கும் கானுள்ளான்கள் ஏறக்குறைய 14 இலட்சம் என மதிப்பிடப்பட்டுள்ளன. இவற்றுட் பெரும்பாலானவை வடநாட்டிலிருந்து வருபவை. அந்நாட்டிலேயே பிறந்து வாழ்பவை மிகச் சிலவே. 2003-ஆம் ஆண்டில் எடுத்த கணக்கின்படி, அங்கே இனம் பெருக்கும் ஆண்பறவைகள் சுமார் 78,000. 2013-ஆம் ஆண்டில் அத்தொகை சுமார் 55,000 ஆயிற்று; அஃதாவது, பத்தாண்டில் நூற்றுக்கு 29 குறைந்தது. 2015-ஆம் ஆண்டில் இப்பறவை அந்நாட்டின் சிவப்புப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. உலகளவில் இதற்கு உடனடி அழிவச்சம் இல்லையெனினும், அந்நாட்டுப் பறவைக்கு உண்டு. காட்டு நிலம் உலர்தல், மான்கள் அடிப்புதர்களை மேய்தல், காடுகள் முன்போற் பேணப்படாமை எனப் பல காரணங்களை ஆராய்கின்றனர். வேட்டையே தனிக்காரணம் என்று துணிதற்கில்லை.

ஆயினும் இடர்ப்பாடு ஒன்று உண்டு. உள்நாட்டுப் பறவைக்கும் வெளிநாட்டுப் பறவைக்கும் உருவத்தில் வேற்றுமையில்லை. பறக்கும்பொழுது இது விருந்தாளி, இது வீட்டுக்குரியது என்று பிரித்தறிய எவராலும் இயலாது. 1981-ஆம் ஆண்டின் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அக்டோபர் 1 முதல் ஜனவரி 31 வரையிலும், ஸ்காட்லாந்தில் செப்டம்பர் 1 முதலாகவும் சுட இடந்தருகின்றது. பருவத் தொடக்கத்தில் வடநாட்டுப் பறவைகள் வந்திருக்கமாட்டா. அப்பொழுது சுடப்படுவது பெரும்பாலும் உள்நாட்டுப் பறவையே. ஆதலின் டிசம்பர் 1-க்கு முன் சுடவேண்டா என்றும், உள்நாட்டுப் பறவை வாழும் இடங்களில் மிக்க எச்சரிக்கை வேண்டும் என்றும், பறவையை ஆராய்ந்துவரும் வேட்டைச் சார்புள்ள அறக்கட்டளையே கேட்டுக்கொண்டுள்ளது. பிரான்சில் ஒருவர் ஓராண்டில் 30 பறவைக்கு மேற் சுடலாகாது என்றும், ஒவ்வொன்றையும் ஏட்டிற் குறித்தல் வேண்டும் என்றும் 2011-ஆம் ஆண்டு முதல் விதியுள்ளது. அங்கே இப்பறவையை விற்பதும் குற்றம்.

அந்தியில் எவ்வழியே பறக்கும் என்னும் அறிவால் முன்னோர் வலை கட்டினர். உறைந்த மண்ணில் அலகு புகாது என்னும் அறிவால், உறைபனி பல நாள் நீடிக்கும்பொழுது பசித்து மெலிந்த பறவையைச் சுடாது விடுக என்று இக்காலத்தார் விதி செய்கின்றனர். அறிவு ஒன்றே, பயன் மாறியது. வேட்டையை முற்றும் வெறுப்போரும், அதனைத் தம் நாட்டு மரபாகப் போற்றுவோரும் இவ்வொன்றில் உடன்படுதல் கூடும்: எண்ணிக்கை அறியாமற் சுடுவோன் வேட்டைக்காரன் ஆகான்.

நம் மலைகளுக்கும் இப்பறவை புதியதன்று. இமயமலைப் பகுதியில் இனம் பெருக்கும் கானுள்ளான்களுட் சில, குளிர்காலத்தில் தெற்கே வந்து நீலகிரி முதலிய உயர்மலைச் சோலைக்காடுகளிற் தங்கும். அங்கே ஆங்கிலேயர் இதனை ஆவலுடன் வேட்டையாடினர். வேட்டை மிகுந்து விலங்கும் பறவையும் குறைந்தமையால், 1879-ஆம் ஆண்டிலேயே நீலகிரிக்கெனத் தனி வேட்டைச் சட்டம் இயற்ற நேர்ந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991-ஆம் ஆண்டில் அதற்குச் செய்த திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டையை நம் நாட்டில் முற்றும் விலக்கின. ஆதலின் மேற்கூறிய சமையல் முறை நமக்குப் படித்தறிதற்கு உரியதேயன்றிச் செய்து பார்த்தற்கு உரியதன்று.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் என் பாட்டனாருடன் குன்னூர் சென்றிருந்தேன். அவர் வேலை பார்த்த பங்களாவுக்கு மேலுள்ள சோலையின் ஓரத்தில் ஒரு மாலை நின்றோம். வெளிச்சம் மங்கி, எதிரிலுள்ளவர் முகம் தெளிவின்றித் தோன்றும் வேளையில், மரங்களிடையிலிருந்து பருத்த பறவையொன்று ஓசையின்றி எழுந்து, நீண்ட அலகு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க, எம் தலைக்கு மேலே கடந்து புல்வெளிப் பக்கம் சென்றது. அதனைக் கண்டது மூன்று நொடிக்கு மேல் இராது. பாட்டனார் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, எத்தனையோ முறை அதன் இறகைப் பறித்திருந்தும், அது பறக்கக் கண்டது அன்றே முதன்முறை என்றார். வீடு திரும்பும்வரை அது எங்கிருந்து வருகின்றது, என்ன தின்னும், எத்தனை முட்டையிடும் என்று என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார். யான் கற்றவற்றையெல்லாம் அவருக்குச் சொன்னேன். அவற்றையே ஈண்டு எழுதலானேன்.